கேம்ப் சார்

அறந்தாங்கிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். ஏழு நாள் முகாமின் கடைசி இரவு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி வராந்தாவில், ஒற்றை டியூப்லைட்டுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார் அவர். முன்னால் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி. அதன்மேல் வவுச்சர் கட்டு, ரெவின்யூ ஸ்டாம்ப், மைப்பெட்டி, நான்கைந்து பேனா. சமையல்காரர் கூலி வாங்கிக்கொண்டு போனார். விறகுக்காரர், பால்காரர், மைக்செட்காரர் என்று ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்ந்தது. கடைசியாக வந்தவர், வாரம் முழுக்கக் கீரையும் கத்தரிக்காயும் கொண்டுவந்து போட்ட ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். வவுச்சரில் ஸ்டாம்பை ஒட்டியவர், பழக்கத்தில் மைப்பெட்டியை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார்.

"மை எதுக்கு சார்? பேனாவக் குடுங்க. நான் அறிவொளியில படிச்சவ."

சம்மணம் போட்டு உட்கார்ந்து, வவுச்சரைத் தொடைமேல் வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பெயரை எழுதினார் அந்த அம்மா. ஸ்டாம்பின்மேல் தொடங்கிய பெயர் தாளின் ஓரம்வரை போயிற்று. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் பார்த்தார். பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார். அந்த மாவட்டத்து அறிவொளி வகுப்புகளுக்காக இரண்டு வருடம் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்தவர்களில் தானும் ஒருவர் என்பதை இவர் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை முகாம் கலைந்தது.

ஊர்களில் அவருக்குக் 'கேம்ப் சார்' என்று பெயர். பல்கலைக்கழக ஆவணத்தில் பதவியின் பெயர் கொஞ்சம் நீளம்: நாட்டு நலப்பணித் திட்ட ஒருங்கிணைப்பாளர். காவிரிப் படுகையை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில், எண்பது கல்லூரிகளுக்கு மேல் அவர் பொறுப்பில் இருந்தன. தன் பெயரைப் போட வேண்டாம் என்பது, இந்தக் கட்டுரைக்காகப் பேச உட்கார்ந்தபோது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

என்.எஸ்.எஸ். என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது மாணவர்கள் சாலையோரம் துடைப்பம் பிடிக்கும் புகைப்படம்தான். உள்ளே இருக்கும் ஏற்பாடு வேறு. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, வி.கே.ஆர்.வி. ராவ் மத்தியக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இந்தத் திட்டம் தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பொதுவேலை செய்ய வேண்டும். நூறு பேர் ஓர் அலகு. அதற்கு ஒரு திட்ட அலுவலர். அவர் கல்லூரி ஆசிரியராகவே இருப்பார். அலகில் பாதிப் பேர், அதாவது ஐம்பது பேர், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கிராமத்தில் தங்கி முகாம் நடத்த வேண்டும். முன்பு பத்து நாள், பிறகு ஏழு நாள். மாணவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் அடையாளச் சின்னத்தில் கோனாரக் தேர்ச் சக்கரம் இருக்கிறது. அதிலுள்ள எட்டு ஆரங்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பவை.

பணக் கணக்கைச் சொன்னால்தான் இந்த வேலையின் கனம் புரியும். அவர் பதவியில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் முகாமுக்குத் தலைக்கு 450 ரூபாய். ஐம்பது பேருக்கு 22,500. ஏழு நாளுக்கு வகுத்தால் ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 64 ரூபாய் சொச்சம். மூன்று வேளைச் சாப்பாடு, டீ, போக்குவரத்து, மண்வெட்டிக்குப் பிடி, சுண்ணாம்பு, மருத்துவ முகாமுக்கு வரும் டாக்டருக்குப் போய்வரும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்தப் பணமும் நேராக வராது. 2016 வரை பன்னிரண்டு பங்கில் ஏழு பங்கு மத்திய அரசும் ஐந்து பங்கு மாநில அரசும் கொடுத்தன. ஒன்று வந்து மற்றது வரத் தாமதமாகும். டிசம்பரில் முகாம் நடக்கும். மார்ச்சில் பணம் வரும். இடையில் அரிசிக் கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்பவர் திட்ட அலுவலர். அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தூக்கம் கெடுபவர் ஒருங்கிணைப்பாளர்.

அவர் அடிப்படையில் வணிகவியல் ஆசிரியர். பற்று வரவு சொல்லிக்கொடுத்தே பழகியவர். புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே என்.எஸ்.எஸ். பொறுப்பைத் தலையில் கட்டினார்கள். "வயசு கம்மி, பையன்களோட ஓடுவான்னு நினைச்சாங்க" என்கிறார்.

முதல் முகாம் 1990-இல். அதை இன்றைக்கும் அவர் கூச்சத்தோடுதான் சொல்கிறார். ஊர் நடுவே ஓர் ஊருணி. கரையோரம் பாசி படர்ந்து கிடந்தது. 'ஊருணியைச் சுத்தம் செய்தல்' என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தாகிவிட்டது. காலை ஏழு மணிக்கு ஐம்பது பையன்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். குடத்தோடு வந்த ஒரு பெண் போட்ட சத்தத்தில் ஊரே கூடிற்று.

அந்தச் சீமையில் ஊருணி என்பது குடிதண்ணீர். துவைக்கவும் குளிக்கவும் கம்மாய் இருக்கிறது. ஊருணியில் கால் நனைக்கக்கூட யாரும் இறங்க மாட்டார்கள். படியில் குனிந்து மொண்டுகொண்டு திரும்பிவிடுவார்கள். அம்பலகாரர் வந்தார். அதட்டவில்லை.

"வாத்தியாரே, இது குடிக்கிற தண்ணி. யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்கியிருக்கலாம்ல?"

கலங்கிய தண்ணீர் தெளிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் மாணவர்கள் பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து வீட்டுக்கு வீடு தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். நிகழ்ச்சி நிரலில் இருந்த மற்ற எதுவும் நடக்கவில்லை. நான்காம் நாள் அம்பலகாரர் அவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கே நடந்தார். ஒன்றரை கிலோமீட்டர் தூரம் முழுக்கச் சீமைக்கருவேல். நடுவில் ஒரு பள்ளம் இருந்த தடம்கூட மங்கிப் போயிருந்தது. "இதுதான் வரத்துவாரி. மழை பேஞ்சா தண்ணி இப்படித்தான் வரணும். ஊருணியில பாசி இருந்தா நாங்களே அள்ளிக்குவோம். இதுக்கு ஏதாச்சும் வழி இருந்தாச் சொல்லுங்க."

மண்வெட்டியால் மட்டும் முடிகிற காரியமாக அது இல்லை. வாரியின் ஒரு பகுதி பக்கத்து வயலுக்குள் போய்விட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்த வரைபடத்தில் வாரிக்குத் தனிச் சர்வே எண் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் நில அளவையருக்கு மனுப் போட வேண்டும். போட்டார். நினைவூட்டல் போட்டார். கல்லூரி முடிந்ததும் பஸ் பிடித்துப் போய் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்தார். நான்காவது மனுவுக்குப் பிறகு அளவையர் வந்து சங்கிலி போட்டு அளந்து கல் நட்டார். வயல்காரர் கல்லைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், வரப்பைத் தாமே உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டார். அடுத்த வருட முகாமில் ஐம்பது மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கருவேல் வேரைத் தோண்டி எடுத்தார்கள். ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்த செய்தியை அம்பலகாரர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார்.

அதிலிருந்து அவருடைய முகாம்கள் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வந்தது. முகாமுக்கு முன் மூன்று தடவை ஊருக்குப் போக வேண்டும். முதல் தடவை கையில் நோட்டுப் புத்தகம் கூடாது. நோட்டை எடுத்தால் ஊர்க்காரர்கள் லோன் கேட்கத் தொடங்கிவிடுவார்கள், உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். டீக்கடையில் கேட்டதைக் குழாயடியில் சரிபார்க்க வேண்டும். ஆண்கள் சமுதாயக்கூடம் கேட்கும் ஊரில் பெண்கள் கழிப்பறையும் தெருவிளக்கும் கேட்பார்கள். காலனிக்குத் தனியாகப் போய்க் கேட்க வேண்டும். கூட்டம் போடுவதும் தங்குவதும் கோயில் மண்டபத்தில் கூடாது, பள்ளிக்கூடத்தில்தான். ஊரில் எல்லாரும் வந்து உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்பதை அவர் இரண்டாவது முகாமிலேயே கண்டுகொண்டார். இதை எந்தச் சுற்றறிக்கையிலும் அவர் எழுதவில்லை. ஒவ்வொரு புதுத் திட்ட அலுவலரிடமும் நேரில் சொன்னார்.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். கல்லுடைக்கும் பெண்கள், வயல்வேலைக்குப் போகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள் என்று பல்லாயிரம் பேர் வேலை முடிந்து வந்து விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். கற்பித்தவர்கள் எல்லாம் சம்பளமில்லாத தொண்டர்கள். அவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். இவர் நாற்பதுக்கு மேற்பட்ட வகுப்புகளைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தார். எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது அந்த மாவட்டத்தில்தான். பெண்கள் சைக்கிளுக்குக் கடைகளில் தட்டுப்பாடு. ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். சிலர் அதைத்தான் விரும்பியும் கேட்டார்கள், காரணம் முன்பக்கத்துக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம். பாவாடை தாவணிப் பெண்ணொருத்தி பள்ளி மைதானத்தில் நான்கு தடவை விழுந்து, முழங்கை சிராய்த்து, ஐந்தாவது தடவை கைப்பிடியை நேராகப் பிடித்துக்கொண்டு மைதானத்தைத் தாண்டித் தார்ரோட்டில் ஏறிப் போய்விட்டதை அவர் இப்போதும் கண் விரிய விவரிக்கிறார். தேடிக்கொண்டு பின்னாலேயே ஓடினாராம்.

அவர் வீட்டு அலமாரியில் நெ.து. சுந்தரவடிவேலுவின் 'நினைவு அலைகள்' மூன்று தொகுதியும் இருக்கின்றன. ஓரங்களில் பென்சில் கோடுகள். சுந்தரவடிவேலு 1954-இல் பொதுக்கல்வி இயக்குநரானவர். காமராஜர் ஆட்சியில் பகலுணவுத் திட்டத்தை ஊர் ஊராக நடத்திக் காட்டிய அதிகாரி. முதலில் ஊர்க்காரர்களின் நன்கொடையில் அடுப்பு எரிந்தது. பிறகுதான் அரசு தன் பங்கை ஏற்றது: சாப்பாடொன்றுக்குப் பத்துக் காசு என்றால் அரசு ஆறு, ஊர் நான்கு. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதே வழிதான். என்னென்ன இல்லை என்று பள்ளி முதலில் பட்டியல் போடும். பெஞ்சு, கடிகாரம், தேசப்படம், சுற்றுச்சுவர். ஊரில் ஒவ்வொருவரும் தன்னால் ஆனதை ஏற்றுக்கொள்வார்கள். நிறைவேறிய பிறகு மாநாடு. நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்த அதே 1969-இல்தான் அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1975 வரை இருந்தார். அடுத்து அந்த நாற்காலிக்கு வந்த மால்கம் ஆதிசேஷய்யா, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டு வந்தவர். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுத்த நாள்களிலேயே, மாணவர்களைச் சுற்றுக் கிராமங்களின் வேலைக்கு இழுத்தவர் அவர்.

துணைவேந்தர்கள் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆனால் பட்டியலைக் கையால் எழுதியவர், வண்டி பேசியவர், பெஞ்சுகளை எண்ணி இறக்கியவர் பெயர் எங்கும் இல்லை. இந்தக் கட்டுரைக்குக் கேம்ப் சாரைத் தேடிப் போனதற்குக் காரணம் அதுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அன்று மாலையே அவர் நாகையில் இருந்தார். மறுநாள் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். உடல்களை எடுக்கும் வேலைக்கு யாரையும் அவர் அனுப்பவில்லை, தானாக முன்வந்தவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டு, தொலைபேசியில் தாமே பேசியபிறகுதான் விட்டார். கையுறை பற்றாதபோது மளிகைக் கடையில் பாலித்தீன் பை வாங்கிக் கையில் கட்டினார்கள். அந்த வாரத்தைப் பற்றி இதற்குமேல் அவர் பேச விரும்பவில்லை.

ஆனால் துணிகளைப் பற்றிப் பேசினார். மூன்றாம் நாளிலிருந்து லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கிழிந்த பேன்ட், சாயம் போன கோட்டு. கடற்கரை மக்கள் அதைத் தொடவில்லை. சாலையோரம் மலையாகக் குவிந்து மழையிலும் வெயிலிலும் கிடந்தது. நேற்றுவரை சொந்தப் படகில் போய்த் தொழில் பார்த்தவர்களுக்கு ஊரார் கழித்துப் போட்டதைக் கொடுத்தால் எப்படி வாங்குவார்கள்? அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் மாணவிகளை அனுப்பிப் பெண்களிடம் தனியாகக் கேட்டுவரச் சொன்னார். வந்த பட்டியல் சின்னது: உள்பாவாடை, உள்ளாடை, மாதவிலக்குத் துணி, அடுப்பு, ஒரு குழம்புச் சட்டி, குழந்தைக்குச் செருப்பு. எல்லாம் புதிதாக. அன்றிரவே எஸ்.டி.டி. பூத்தில் நின்று எல்லாக் கல்லூரிகளுக்கும் போன் போட்டார்: பழந்துணி சேகரிப்பதை நிறுத்துங்கள், இந்தப் பட்டியலுக்குப் பணம் சேருங்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் போட்ட மேசைதான் அந்த ஆறு மாதத்தில் அதிகம் பேர் தேடி வந்த இடம். ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்று, வங்கிப் புத்தகம், படகுப் பதிவுத் தாள் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்தது. நிவாரணம் வாங்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு வேண்டும். கார்பன் தாள் வைத்து மூன்று படி எழுத இருபது மாணவர்களை உட்கார வைத்தார். எழுதி முடித்ததை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. ஒரு படி மனுதாரரிடம், ஒன்று அலுவலகத்துக்கு, மூன்றாவது அவருடைய ஜோல்னாப் பைக்குள். மனு தொலைந்துபோனது என்று எந்த மேசையிலாவது சொன்னால், அந்த மூன்றாவது படி வெளியே வரும்.

இரண்டு வருடம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து தணிக்கைத் தடை வந்தது. முகாமுக்கு அனுமதி பெற்ற கிராமம் ஒன்று, செலவு செய்த இடம் நாகப்பட்டினம். முன் அனுமதி எங்கே? பதில் எழுதினார். மறுகேள்வி வந்தது. மீண்டும் எழுதினார். மூன்று வருடம் ஓடியது. இரண்டு திட்ட அலுவலர்களின் ஓய்வூதியக் கோப்பு இதனால் நிற்கும் என்று தெரிந்ததும், தொகையைத் தன் சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டித் தடையை நீக்கிக்கொண்டார். அந்த அலுவலகம் எது என்று அவர் சொல்லவில்லை. கேட்டபோது, கட்டிய பணத்தைவிட, "முன் அனுமதி பெறாதது ஏன்?" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தட்டச்சில் படித்ததுதான் வலித்தது என்றார். இது நியாயமில்லை. இருபது ஆண்டு ஆகியும் நியாயமாகவில்லை.

கஜா புயல் கரை கடந்தபோது அவருக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. ஒரு தோப்புக்குள் போனபோது, சாய்ந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த விவசாயி, எழுந்திருக்காமல், "எம் பொண்ணு பொறந்த வருசம் வெச்சது சார்" என்று மட்டும் சொன்னார். மாணவர்கள் கையில் அரிவாளோடு நின்றார்கள். இவர் அரிவாளை வாங்கி ஓரம் வைத்துவிட்டுப் பெயின்ட் டப்பாவும் பிரஷும் கொடுத்தார். மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்திருந்தது: இழப்பீடு 600, வெட்டி அகற்ற 500. கணக்கெடுப்பு வருவதற்கு முன்பே மரத்தை வெட்டிவிட்டால் எண்ணிக்கையில் தகராறு வரும். ஆகவே முதலில் எண்ண வேண்டும். மாணவர்கள் அடிமரத்தில் சிவப்பு எண் போட்டுக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு தோப்புக்கும் ஒரு தாள்: வயது, காய்ப்பு, வேரோடு சாய்ந்ததா, நடுவில் ஒடிந்ததா. தோப்புக்காரரின் கையெழுத்து. கிராம நிர்வாக அலுவலர் வந்தபோது தாள் தயாராக இருந்தது. எண்ணி முடித்த அன்று சாயங்காலம்தான் அரிவாள் எடுத்தார்கள்.

ஓய்வு பெற்றபோது பொறுப்பை ஒப்படைக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது. இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். மண்வெட்டி, அதில் பிடி இல்லாதவை தனியாக. கடப்பாரை. சாந்துச் சட்டி. ஓட்டை விழுந்த அண்டா ஒன்று, ஈயம் பூச வேண்டும் என்று பென்சில் குறிப்போடு. பிறகு கோப்புகள். புதிதாக வந்தவர் விலங்கியல் ஆசிரியை, முப்பத்தைந்து வயதுக்காரர். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கூடவே உட்கார்ந்து எண்ணினார். மூன்றாம் நாள் மதியம், 'முகாம் இடம் தேர்வு' என்ற கோப்பில் ஓர் ஊரின் பெயருக்கு எதிரே இரண்டு தடவை மட்டும் தேதி இருப்பதைப் பார்த்தார்.

"மூணாவது தடவை போகலையா சார்?"

"போகணும்மா. முடியலை."

ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே கால். அந்த ஊருக்கு மூன்று மணிக்கு ஒரு டவுன் பஸ் இருக்கிறது, அதை விட்டால் ஆறரைக்குத்தான் என்றார் இவர். பதிவேட்டை மூடி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஆசிரியையிடம் கொடுத்தார். நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஆசிரியை கேட்க, மூன்றாவது தடவைதானே, எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.